எதிர்பார்க்கும் ஊதியமும் கிடைக்கும் ஊதியமும்: தங்கவயல் மாணவர்களை முன்வைத்து ஒரு புள்ளியியல் விளக்கம்

கோலார் தங்கவயலில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், வேலைக்குச் செல்லும் ஓர் இளைஞனின் வருமானத்தைக் கணிப்பது கடினமாக இருக்கவில்லை. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கினர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் வந்து சேர்ந்தது. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசிடம் வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. நிருவாகம் மாறினாலும், சுரங்கத்தில் எந்த வேலைக்கு என்ன கூலி என்பது மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் சாம்பியன் ரீஃப் குடியிருப்புகளிலும் எல்லாருக்கும் தெரிந்த செய்தியாகவே இருந்தது. தந்தையின் சம்பளமே மகனின் எதிர்பார்ப்புக்கு அளவுகோல்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வேலையோடு இந்த அளவுகோலும் போயிற்று. இன்று தங்கவயலில் பட்டம் பெறும் மாணவர் பலர் வேலைக்காகப் பெங்களூரை நோக்கியிருக்கின்றனர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்நகருக்கு மாரிக்குப்பத்திலிருந்து நாள்தோறும் இரயிலில் சென்று திரும்புவோர் மிகப் பலர். அங்கு எந்தப் படிப்புக்கு என்ன ஊதியம் என்பது இங்குள்ள குடும்பங்களுக்குக் கேள்விச் செய்தியாகவே வந்து சேர்கிறது. கல்விக்கடன் வாங்கலாமா, மேலே படிக்க வைக்கலாமா, வந்த வேலையை ஏற்கலாமா என்னும் முடிவுகள் யாவும் இக்கேள்விச் செய்தியின்மேல் நிற்கின்றன.

மூன்று இலட்சம் ரூபாய்க் கடனை ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டியில் ஏழாண்டுகளில் திருப்புவதாகக் கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 5,000 ரூபாய் ஆகும். எதிர்பார்த்ததைவிட மாதம் 3,000 ரூபாய் குறைவான ஊதியம் அமைந்தால், தவணையில் ஐந்தில் மூன்று பங்குக்கு வேறு வழி தேட வேண்டும். ஆகவே மாணவரின் ஊதிய எதிர்பார்ப்பை அறிவதும், அது மெய்ந்நிலையிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று அளப்பதும், கல்லூரிகளும் வேலைவாய்ப்பு அலுவலகங்களும் வங்கிகளும் கருத்தில் கொள்ளவேண்டிய பணியாகும். அதற்குரிய புள்ளியியல் முறைகளை எளிய எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்பார்ப்பின் பயன்

எதிர்பார்ப்பு என்பது மனத்தில் தோன்றும் விருப்பம்தானே, அதை அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். டொமினிக்கன் குடியரசில் எட்டாம் வகுப்புச் சிறுவரிடையே இராபர்ட் ஜென்சன் நடத்திய ஆய்வு இதற்கு விடை தருகிறது. உயர்நிலைக் கல்வியால் கிடைக்கும் கூடுதல் வருமானத்தை அச்சிறுவர்கள் உண்மையைவிட மிகக் குறைவாக மதிப்பிட்டிருந்தனர். குறிப்பின்றித் தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில் மட்டும் உண்மையான வருமான வேறுபாடு எடுத்துச் சொல்லப்பட்டது. அடுத்த நான்காண்டுகளில் அப்பள்ளி மாணவர்கள், மற்றவர்களைவிடச் சராசரியாக 0.20 முதல் 0.35 ஆண்டு வரை கூடுதலாகப் படித்தனர் என்பது 2010இல் வெளியான முடிவு. மிகவும் வறிய குடும்பங்களில் இப்பயன் குறைவாகவே இருந்தது. செய்தி மட்டும் போதாது, படிக்க வசதியும் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. எனினும், சரியான செய்தி மாணவரின் முடிவை மாற்றவல்லது என்பதில் ஐயமில்லை.

குறைவாக எதிர்பார்ப்பவர் படிப்பை இடையில் நிறுத்தக்கூடும், அல்லது தமக்குரியதைக் கேளாமல் இருந்துவிடக்கூடும். மிகையாக எதிர்பார்ப்பவர் தகுந்த வேலையைத் தள்ளிவிட்டுக் காத்திருக்கக்கூடும். இரண்டுமே இழப்புகள். எந்த மாணவர் பிரிவில் எந்தப் பிழை உள்ளது என்பதை ஊகத்தால் சொல்ல இயலாது. அளந்தே அறிய வேண்டும்.

கேள்வியும் கூறும்

நல்ல சோதனை, நல்ல கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ‘எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்டால், ஒருவர் கைக்கு வரும் மாதத் தொகையைச் சொல்வார். மற்றொருவர் நிறுவனம் விளம்பரம் செய்யும் ஆண்டு மொத்தத்தைச் சொல்வார். மூன்றாமவர் தாம் விரும்புவதைச் சொல்வார். ஆகவே, பட்டம் பெற்ற முதலாண்டில், பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் மாத ஊதியம் என்று வரையறுத்துக் கேட்க வேண்டும். கிடைக்கும் என நம்பும் தொகை ஒன்று. அதற்குக் குறைந்தால் வேலையை ஏற்கமாட்டேன் என்னும் தொகை மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே கேட்பது நலம். சார்லஸ் மான்ஸ்கி, ஜெஃப் டொமினிட்ஸ் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிட்ட தொகைக்கு மேல் வருமானம் கிடைக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்றும் மாணவரிடம் கேட்டனர். ஒற்றை எண்ணில் வெளிப்படாத ஐயப்பாட்டை இத்தகைய கேள்வி வெளிக்கொணர்கிறது.

அடுத்தது, யாரைக் கேட்பது என்பது. அன்று வகுப்புக்கு வந்தவர்களை மட்டும் கேட்டால், வராதவர்களின் கருத்து விடுபடும். பதிவேட்டிலிருந்து குறிப்பின்றிக் கூறெடுப்பதே முறை. நண்பர்கள் ஒரே பெஞ்சில் அமர்ந்து கலந்து பேசி எழுதினால், பத்து விடைகள் இருப்பினும் அவை பத்துத் தனி விடைகள் ஆகா. பெரும்பாலான சோதனைகள் விடைகள் ஒன்றையொன்று சாராதவை என்னும் அடிப்படையில் அமைந்தவை. 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்த மகலனோபிஸ் வகுத்த ஊடுருவும் துணைக்கூறுகள் என்னும் முறை இங்குப் பயன்படும். கூறினை இரண்டாகப் பிரித்து, இரு தனிக் குழுவினரைக் கொண்டு விசாரிக்க வேண்டும். இரு குழுவினரின் முடிவுகளும் பெரிதும் வேறுபட்டால், குறை மாணவரிடம் இல்லை, விசாரித்த முறையில் இருக்கலாம் என்று உணரலாம்.

சராசரியும் தங்கத் தாதும்

விளக்கத்திற்காக மட்டும் பத்து மாணவரின் விடைகளைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய்க் கணக்கில் அவை: 12, 14, 15, 15, 16, 18, 18, 20, 25, 80. இவற்றின் சராசரி 23.3. ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்தச் சராசரிக்குக் கீழே உள்ளனர். 80 என்று சொன்ன ஒருவரை நீக்கினால் சராசரி 17 ஆகக் குறைகிறது. வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அளவோ, அவரைச் சேர்த்தால் 17, நீக்கினால் 16. ஒருவரது விடையால் சராசரி ஆறாயிரத்துக்கு மேல் ஆட்டம் காண்கிறது. இடைநிலை ஓராயிரமே நகர்கிறது.

சுரங்கத் தொழிலுக்கு இது புதிய செய்தி அன்று. படிகக்கல் நரம்புகளில் தங்கம் சீராகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலான பாறை மாதிரிகளில் மிகச் சிறிதளவே காணப்படும். எங்கோ ஒரு மாதிரியில் மிகுதியாகக் கிடைக்கும். அந்த ஒன்றை வைத்து முழுப் பகுதியையும் மதிப்பிட்டால் முதலீடு ஏமாற்றத்தில் முடியும். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் தங்கச் சுரங்கங்களில் பணியாற்றிய பொறியாளர் டேனி கிரிகே, 1951இல் இச்சிக்கலைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தார். தங்க அளவுகளை அப்படியே கொள்ளாமல் அவற்றின் மடக்கைகளை எடுத்துக்கொண்டால், பரவல் ஏறத்தாழச் சமச்சீராகிறது என்பதை அடிப்படையாகக் கொண்டு அவர் மதிப்பீட்டு முறைகளை வகுத்தார். பிற்காலத்தில் புவிப் புள்ளியியல் என்று வளர்ந்த துறைக்கு அது வித்தாயிற்று.

ஊதியமும் இத்தகைய பரவலே உடையது. பலர் குறைந்த எல்லையில் நெருங்கி நிற்க, சிலர் மட்டும் வெகுதொலைவில் நிற்பர். ஆதலால் ஊதிய எதிர்பார்ப்பை ஆராய்பவர், எந்தச் சோதனையையும் தொடங்குமுன் விடைகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதும், சராசரியோடு இடைநிலையையும் கணக்கிடுவதும், தேவையானால் மடக்கை எடுப்பதும் முதற்கடமை. பெருந்தொகை ஒன்று இருப்பதாலேயே அதை நீக்கிவிடலாகாது. அது எழுத்துப் பிழையா, ஆண்டு ஊதியமா, மெய்யான நம்பிக்கையா என்று விசாரித்தே முடிவு செய்ய வேண்டும்.

இரு பிரிவுகளை ஒப்பிடுதல்

மேற்கண்ட பத்துப் பேரில் ஐவர் மாணவியர், ஐவர் மாணவர் என்று கொள்வோம். மாணவியரின் விடைகள் 12, 14, 15, 15, 18. மாணவரின் விடைகள் 16, 18, 20, 25, 80. இரு பிரிவினரின் எதிர்பார்ப்பும் வேறுபடுகிறதா?

புள்ளியியல் இதை ஒரு குறிப்பிட்ட முறையில் அணுகுகிறது. இரு பிரிவினருக்கும் இடையே மெய்யான வேறுபாடு இல்லை என்று முதலில் கொள்கிறோம். இது இன்மைக் கருதுகோள். அது உண்மையானால், நாம் கண்ட அளவுக்கோ அதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாகத் தோன்ற எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கணக்கிடுகிறோம். அவ்வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானால் கருதுகோளை விலக்குவது வழக்கம். இந்த ஐந்து சதவீத மட்டம் ஃபிஷர் 1925இல் எழுதிய நூலால் பரவிய மரபே அன்றி, இயற்கை விதி அன்று.

சிறு கூறுகளுக்குரிய டி-சோதனையை 1908இல் வெளியிட்டவர் வில்லியம் காசெட். டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணிபுரிந்த அவர், ‘ஸ்டூடன்ட்’, அதாவது மாணவர், என்னும் புனைபெயரில் எழுதினார். நம் எடுத்துக்காட்டில் மாணவியரின் சராசரி 14.8, மாணவரின் சராசரி 31.8, வேறுபாடு 17. ஆனால் 80 என்னும் ஒரே எண்ணால் மாணவர் பிரிவின் சிதறல் மிகப் பெரிதாகிறது. வேறுபாட்டின் திட்டப்பிழை 12.18 ஆகிறது. 17ஐ இதனால் வகுத்தால் டி-மதிப்பு 1.40. அட்டவணையில் ஐந்து சதவீத மட்டத்திற்குத் தேவைப்படும் மதிப்பு 2.306. எனவே வேறுபாடு மெய்ப்பிக்கப்படவில்லை என்று டி-சோதனை சொல்லிவிடும்.

இனித் தரவரிசைச் சோதனையைப் பார்ப்போம். வில்காக்சன் 1945இலும், மான், விட்னி ஆகிய இருவர் 1947இலும் வகுத்த இம்முறையில், தொகைகளுக்குப் பதிலாக வரிசை எண்களே கணக்கிடப்படும். பத்து விடைகளையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, சமமான விடைகளுக்கு வரிசை எண்களைப் பகிர்ந்தளித்தால், மாணவியரின் வரிசை எண்கள் 1, 2, 3.5, 3.5, 6.5. கூட்டுத்தொகை 16.5. ஐவர் கொண்ட இரு பிரிவுகளுக்கு இக்கூட்டுத்தொகை 17 அல்லது அதற்குக் குறைவானால், ஐந்து சதவீத மட்டத்தில் வேறுபாடு உண்டு எனக் கொள்ளலாம். ஆகவே வேறுபாடு உண்டு என்கிறது இச்சோதனை.

எண்கள் ஒன்றே; சோதனை மாறியதும் முடிவு மாறிவிட்டது. எந்த முடிவு வேண்டுமோ அதைத் தரும் சோதனையைத் தேடிக்கொள்ளலாம் என்பது இதன் பொருளன்று. டி-சோதனை, சிறு கூறுகளில், ஏறத்தாழச் சமச்சீரான பரவலை வேண்டி நிற்பது. அந்நிபந்தனை இங்கு இல்லை. பரவலைக் கண்டறிந்து அதற்கேற்ற சோதனையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்ட பின்னரே விடைகளைத் தொட வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், மாணவியர் குறைவாக எதிர்பார்க்கும் உண்மை, ஒரு மாணவரின் பெருந்தொகையால் அறிக்கையிலிருந்தே மறைந்துவிடும்.

எதிர்பார்த்ததும் கிடைத்ததும்

மாணவரை அவரோடே ஒப்பிடுவது இன்னும் வலிமையான முறை. இறுதியாண்டில் சொன்ன தொகையையும், வேலையில் சேர்ந்த பின் பெறும் தொகையையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கழித்துப் பார்க்கிறோம். எட்டுப் பேருக்கு இவ்வேறுபாடு, ஆயிரம் ரூபாய்க் கணக்கில், 5, 3, 0, 4, 2, 6, –1, 5 என்று கொள்வோம். ஒருவர் மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பெற்றிருக்கிறார். சராசரி 3, திட்டப்பிழை 0.886, டி-மதிப்பு 3.38. எட்டு இணைகளுக்குத் தேவையான மதிப்பு 2.365. ஆதலால் மிகை எதிர்பார்ப்பு தற்செயலானது அன்று எனலாம்.

இதோடு நிறுத்தாமல், மெய்யான வேறுபாடு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதையும் கூற வேண்டும். 95 சதவீத நம்பிக்கை எல்லைகள் ஏறத்தாழ 900 ரூபாயும் 5,100 ரூபாயும். கடன் கொடுக்கும் வங்கியும் வாங்கும் குடும்பமும் கருத வேண்டியது இந்த எல்லைகளையே. 900 ரூபாய்ப் பற்றாக்குறையைச் சிக்கனத்தால் சமாளிக்கலாம். 5,100 ரூபாய்ப் பற்றாக்குறை தவணையையே விழுங்கிவிடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இந்த ஒப்பீட்டில் வேலை கிடைத்தவர்கள் மட்டுமே இடம்பெறுகின்றனர். ஓராண்டு கழித்தும் வேலையில்லாதவர்களுக்குக் கழித்துப் பார்க்க ஊதியமே இல்லை. அவர்களை விட்டுவிட்டால், ஏமாற்றத்தின் அளவு உள்ளதைவிடச் சிறிதாகத் தோன்றும். எத்தனை பேர் விடுபட்டனர், ஏன் என்பதை அறிக்கையின் முதற்பக்கத்திலேயே குறிப்பிடுவது நேர்மை.

செய்தி வரும் வழி

எதிர்பார்ப்பு ஏன் பிழைபடுகிறது? பெங்களூரில் வேலை செய்யும் உறவினர் உள்ள மாணவருக்கு ஊதிய நிலவரம் தெரிந்திருக்கும், மற்றவருக்குத் தெரியாது என்னும் கருத்தைச் சோதிக்க விரும்பினால், கார்ல் பியர்சன் 1900இல் வகுத்த கை-வர்க்கச் சோதனை உதவும். மீண்டும் கற்பனை எண்களைக் கொள்வோம். அத்தகைய உறவினர் உள்ள 50 பேரில் 32 பேரும், இல்லாத 50 பேரில் 20 பேரும் உண்மையான ஊதிய எல்லைக்குள் விடை சொல்கின்றனர். உறவினர் இருப்பதற்கும் விடைக்கும் தொடர்பில்லையெனில் ஒவ்வொரு பிரிவிலும் 26 பேர் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். கண்ட எண்ணிக்கைக்கும் எதிர்நோக்கிய எண்ணிக்கைக்கும் உள்ள விலகல்களிலிருந்து கிடைக்கும் கை-வர்க்க மதிப்பு 5.77. இது அட்டவணை மதிப்பாகிய 3.84ஐ விஞ்சுகிறது. தொடர்பு உண்டு.

ஆயினும் தொடர்பு வேறு, காரணம் வேறு. பெங்களூரில் உறவினர் உள்ள குடும்பம் வேறு வகைகளிலும் வசதியுடையதாக இருக்கலாம். செய்திதான் காரணமா என்று உறுதியாக அறிய, ஜென்சன் செய்ததுபோல, குறிப்பின்றித் தேர்ந்த சில வகுப்புகளுக்கு ஊதிய விவரத்தை முதலில் அளித்து, மற்ற வகுப்புகளோடு ஒப்பிட வேண்டும். பின்னர் எல்லா வகுப்புகளுக்கும் அவ்விவரத்தை அளித்துவிடலாம், எவருக்கும் இழப்பில்லை.

சோதனையின் எல்லைகள்

சோதனைகளைக் கையாளும் அலுவலர் மூன்று செய்திகளை மறத்தலாகாது.

முதலாவது, கூறின் அளவு. ஊதிய எதிர்பார்ப்பின் திட்டவிலக்கம் 5,000 ரூபாய் என்றும், கண்டறிய விரும்பும் வேறுபாடு 2,000 ரூபாய் என்றும் கொண்டால், ஐந்து சதவீத மட்டத்தில் அதை நூற்றுக்கு எண்பது வாய்ப்புடன் கண்டுகொள்ள ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 100 பேர் வேண்டும். 1,000 ரூபாய் வேறுபாட்டைக் காண 400 பேர் வேண்டும். இருபது பேரைக் கேட்டுவிட்டு வேறுபாடில்லை என்று அறிவிப்பது, விளக்கின்றிச் சுரங்கத்தில் இறங்கித் தங்கமில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, சோதனைகளின் எண்ணிக்கை. பாடம், ஊர், தாய்மொழி, தந்தை தொழில் என்று இருபது வகையாகப் பிரித்துச் சோதித்தால், எங்கும் மெய்யான வேறுபாடு இல்லாதபோதும், ஏதேனும் ஒன்றில் தற்செயலாக வேறுபாடு தோன்றுவது இயல்பே. அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சமூகத்தையோ ஊரையோ பற்றி முடிவு கூறுவது அநீதி.

மூன்றாவது, முக்கியத்துவம் என்னும் சொல்லின் பொருள். ஆயிரக்கணக்கானோரைக் கேட்டால் ஐம்பது ரூபாய் வேறுபாடும் புள்ளியியல் முக்கியத்துவம் பெற்றுவிடும். எந்தக் குடும்பத்துக்கும் அதனால் பாதிப்பில்லை. அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, இந்நிகழ்தகவு மதிப்பு ஒரு விளைவின் அளவையோ அதன் பயனையோ காட்டுவதில்லை என்று தெளிவுபடுத்தியது. ரூபாயில் எவ்வளவு என்பதே நிருவாகத்திற்கு வேண்டிய விடை.

செய்யத்தக்கவை

தங்கவயல், பங்காரப்பேட்டை, கோலார் ஆகிய ஊர்களின் கல்லூரிகள் இம்முயற்சியைப் பெருஞ்செலவின்றித் தொடங்கலாம். இறுதியாண்டு மாணவரிடம் ஆண்டுதோறும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். பட்டம் பெற்று ஓராண்டுக்குப் பின் அவர்களைத் தொடர்புகொண்டு கிடைத்த ஊதியத்தைக் கேட்டல் வேண்டும். அவ்விவரத்தைப் பெயரின்றி, பாடவாரியாக, சராசரியாக அன்றி இடைநிலையாகவும், கீழ்க் கால்மான மேல் கால்மான எல்லைகளோடும், அறிவிப்புப் பலகையில் இடலாம். வேலை தேடிக்கொண்டிருப்போரின் எண்ணிக்கையும் அதில் இடம்பெற வேண்டும். நாடு தழுவிய நிலையை அறிய, தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்திவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு உண்டு. ஆயினும் ஒரு சிற்றூர்க் கல்லூரியின் ஒரு பாடப்பிரிவைப் பற்றிக் கூற அதன் கூறு போதாது. அந்த இடைவெளியைக் கல்லூரியே நிரப்ப வேண்டும்.

புள்ளியியல் மாணவருக்கு இதைவிடச் சிறந்த செயல்முறைப் பாடமும் இல்லை. தம் வகுப்பின் எதிர்பார்ப்பைத் தாமே அளந்து, முன்னாள் மாணவரின் ஊதியத்தோடு தாமே ஒப்பிடும் மாணவியர், தாம் கேட்கும் தொகை ஏன் குறைவாயிருக்கிறது என்று சிந்திக்கத் தொடங்குவர். நேர்முகத் தேர்வில் தம் உழைப்பின் விலையை அறிந்து பேசுவர்.

சுரங்கம் இயங்கிய காலத்தில், வெட்டியெடுக்குமுன் தாதின் மாதிரியைச் சோதித்துத் தரம் காண்பது தங்கவயலில் அன்றாட வழக்கம். அச்சோதனை தங்கத்தை உண்டாக்கவில்லை; இல்லாத இடத்தில் உழைப்பை வீணாக்காமல் காத்தது, உள்ள இடத்தைக் காட்டிற்று. மாணவரின் எதிர்பார்ப்புக்கு நாம் செய்யும் சோதனையும் வேலைகளை உண்டாக்கிவிடாது. ஆனால் கடன்பட்டுப் படிக்கவைக்கும் ஒரு குடும்பம், தான் எதை நம்பி அடியெடுத்து வைக்கிறது என்பதை முன்னரே அறிந்திருக்க அது வகை செய்யும்.